டாக்டர் அறைக்குள் என்ன பேசுவது?

வாசகியர் கேட்ட கேள்விகளும், மகப்பேறு மற்றும் பொது மருத்துவத் துறையினர் தந்த பதில்களும்

கேள்வி: வீட்டில் இருக்கும்போது சொல்ல வேண்டியது பத்து விஷயம் தோன்றுகிறது. டோக்கன் வாங்கி ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்து உள்ளே போய், "என்னம்மா பண்ணுது?" என்று டாக்டர் கேட்டதும் பாதி மறந்துவிடுகிறது. ஒன்றிரண்டைச் சொல்வதற்குள் மாத்திரை எழுதிவிடுகிறார். என்ன செய்வது?
– வாசகி, பெரம்பூர்

பதில்: பத்தையும் சொல்ல முடியாது. சாயங்கால கிளினிக்கில் ஐம்பது பேர் காத்திருக்கும்போது உங்களுக்குக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். ஆனால் முதல் அரை நிமிடம் முழுக்க உங்களுடையது. நிறையப் பேர் அதை, "பெரிசா ஒண்ணுமில்ல டாக்டர், கொஞ்சம் அசதியா இருக்கு" என்று தொடங்கி வீணாக்கிவிடுகிறார்கள். அசதி என்றதும் டாக்டரின் பேனா சத்து மாத்திரைப் பக்கம் போய்விடும். பிறகு எழுந்து, கதவில் கை வைத்தபடி, "அப்புறம் டாக்டர், மார்ல ஒரு கட்டி மாதிரி தெரியுது..." என்பார்கள். வந்த காரணமே அதுதான். அதற்குள் நர்ஸ் அடுத்த டோக்கனைக் கூப்பிட்டிருப்பார்.

முதல் நாள் இரவே அரைத் தாளில் எழுதிக்கொள்ளுங்கள். எது உங்களை அதிகம் பயமுறுத்துகிறதோ, எதைச் சொல்லக் கூச்சமாக இருக்கிறதோ அது முதல் வரி. அதற்குக் கீழே இன்னும் இரண்டு போதும். உள்ளே நுழைந்ததும், "மூணு விஷயம் கேக்கணும் டாக்டர்" என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். ஒன்றைக் கேட்டுவிட்டு மருந்து எழுதத் தொடங்கமாட்டார். மீதி ஏழுக்கு இன்னொரு நாள் போகலாம்.

ஒவ்வொரு தொந்தரவுக்கும் எங்கே, எப்போதிலிருந்து, எவ்வளவு, எப்போது கூடுகிறது, எதற்குக் குறைகிறது, இதுவரை என்ன சாப்பிட்டீர்கள் என்பது வேண்டும். "வயிறு ஒரு மாதிரி இருக்கு" என்பதில் டாக்டருக்குப் பிடிமானம் இல்லை. "மூணு வாரமா வலது அடிவயிறு வலிக்குது. பீரியட்ஸுக்கு ரெண்டு நாள் முன்னாடி ஜாஸ்தியாகுது, ராத்திரி தூக்கத்துல எழுப்பிடுது. பாராசிட்டமால் போட்டா நாலு மணி நேரம் தாங்குது." இதைச் சொல்ல அரை நிமிடம்கூட ஆகாது. அடுத்து எந்தப் பரிசோதனை என்பது இதிலேயே பாதி முடிவாகிவிடும்.

நோயின் பெயரை நீங்கள் சொல்லாதீர்கள். "எனக்கு அல்சர்", "சூட்டு வலி" என்று தொடங்கினால், அவசரத்தில் இருக்கும் டாக்டர் அதையே பிடித்துக்கொள்ளக்கூடும். உடம்பு என்ன செய்கிறது என்பதைச் சொல்லுங்கள். சந்தேகத்தைக் கடைசியில் கேள்வியாகக் கேளுங்கள்.

மாத்திரைகளைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "ஒரு சின்ன வெள்ளை மாத்திரை, காலைல போடுவேன்" என்றால் அது தைராய்டாகவும் இருக்கலாம், பிரஷராகவும் இருக்கலாம். சாப்பிடும் எல்லா அட்டைகளையும் ஒரு கவரில் போட்டு எடுத்துப் போங்கள். மருந்துக்கடையில் நீங்களே வாங்கிய வலி மாத்திரை, சித்த மருந்துப் பொடி, ஹோமியோபதி, உடம்பு குறைக்கிற பவுடர் எல்லாமே அதில் சேரும். பலர் சொல்லாமல் விடுவது கோயிலுக்கோ கல்யாணத்துக்கோ பீரியட்ஸைத் தள்ளிப்போட வாங்கிய மாத்திரை. அதை நிறுத்தியதும் சில நாட்களில் உதிரப்போக்கு வரும். அது தெரியாமல், "பீரியட்ஸ் தப்பித் தப்பி வருது" என்று மட்டும் டாக்டரிடம் சொன்னால், தேவையில்லாத ஹார்மோன் டெஸ்ட்கள் வரிசை கட்டும்.

பழைய ரிப்போர்ட்களைத் தேதிவாரியாக அடுக்கி, புதியதை மேலே வையுங்கள். ஸ்கேனில் படத்தைவிட டைப் செய்த அறிக்கைத் தாள்தான் முக்கியம். மொபைலில் போட்டோவாக வைத்திருப்பவர்கள் அதைத் தனி ஆல்பத்தில் போட்டுவையுங்கள். நல்லகாலை வணக்கங்களுக்கு நடுவே ஹீமோகுளோபின் ரிப்போர்ட்டைத் தேடுவதில் கிடைத்த நேரம் கரைந்துவிடுகிறது.

கேள்வி: எனக்கு 41 வயது. பீரியட்ஸில் ரொம்ப அதிகமாகப் போகிறது. டாக்டரிடம் சொன்னால், "இந்த வயசுல எல்லாருக்கும் அப்படித்தான்" என்கிறார். எனக்கு எது அதிகம், எது சாதாரணம் என்றே தெரியவில்லை.
– வாசகி, அம்பத்தூர்

பதில்: "அதிகம்" என்ற சொல்லை விட்டுவிட்டுக் கணக்கைச் சொல்லுங்கள். நாற்பதைத் தாண்டியவர்களுக்குச் சுழற்சி மாறுவது உண்மைதான். அதற்காக எவ்வளவு போனாலும் சாதாரணம் என்று ஆகிவிடாது.

இரண்டு மாதம் காலண்டரில் குறியுங்கள். தினத்தாள் காலண்டர் கிழித்தால் போய்விடும், மாதக் காலண்டர் நல்லது. ஆரம்பித்த நாள், நின்ற நாள், ஒவ்வொரு நாளும் எத்தனை பேட், அதில் எத்தனை முழுக்க நனைந்தது, எத்தனை அரைகுறை என்று எழுதுங்கள். சாதாரண பேடா, எக்ஸ்எல் பேடா என்பதும் வேண்டும். சுத்தத்துக்காக மூன்று மணி நேரத்துக்கு ஒரு முறை மாற்றுவதும், தாங்காமல் மாற்றுவதும் ஒன்றல்ல. டாக்டருக்கு அந்த வித்தியாசம் தெரிய வேண்டும்.

கீழே உள்ளவற்றில் ஒன்று இருந்தாலும் அதைச் சொல்லித்தான் பேச்சைத் தொடங்க வேண்டும்: எட்டு நாளுக்கு மேல் நீடிப்பது, பத்து ரூபாய் நாணயத்தைவிடப் பெரிய கட்டிகள் விழுவது, இரவில் எழுந்து பேட் மாற்ற வேண்டியிருப்பது, அப்படியும் பெட்ஷீட் கறையாவது, இரண்டு பேட் சேர்த்து வைப்பது, அந்த நாட்களில் பஸ் ஏறவே பயந்து லீவு போடுவது, இடையில், அல்லது உறவுக்குப் பிறகு ரத்தம் வருவது. ஒரு மணி நேரத்துக்கு ஒரு பேட் என்று தொடர்ந்து இரண்டு மூன்று மணி நேரம் நனைந்தால், அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருக்காதீர்கள். தலைசுற்றலும் சேர்ந்தால் நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

பிறகு, "ஹீமோகுளோபின் பார்த்துடலாமா டாக்டர்? தைராய்டும் அல்ட்ராசவுண்டும் தேவைப்படுமா?" என்று கேளுங்கள். கர்ப்பமில்லாத பெண்ணுக்கு 12 கிராமுக்குக் கீழே போனால் ரத்தசோகை, கர்ப்பிணிக்கு 11-க்குக் கீழே. எட்டு, ஒன்பது என்று இருக்கும் ரிப்போர்ட்டைக் காட்டினால், "எல்லாருக்கும் அப்படித்தான்" என்ற பதில் அநேகமாக வராது. அப்படியும் வந்தால் டாக்டரை மாற்றுங்கள்.

இரும்புச்சத்து மாத்திரை கொடுத்து மூன்று மாதமாகியும் அளவு ஏறவில்லை என்று வருபவர்களில் பலர், மாத்திரை போட்ட கையோடு காபி குடிப்பவர்கள். காபியும் டீயும் இரும்பு உடலில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது இடைவெளி விட வேண்டும். எலுமிச்சம்பழ ஜூஸோடு சாப்பிட்டால் நன்றாகச் சேரும். கால்சியம் மாத்திரையை வேறு வேளைக்கு மாற்றுங்கள். தைராய்டு மாத்திரை போடுபவர்கள் அதை வெறும் வயிற்றில் போட்டு, அரை மணியிலிருந்து ஒரு மணி நேரம் கழித்தே காபி, டிபன் எடுக்க வேண்டும். இரும்பு, கால்சியம் இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவே நான்கு மணி நேரம் தேவை. ஆகவே டாக்டரிடம், "மாத்திரை ஒழுங்கா போடறேன்" என்பது போதாது. எந்த மாத்திரையை எத்தனை மணிக்கு, எதோடு போடுகிறீர்கள் என்று சொல்லுங்கள். மலம் கறுப்பாகப் போவது இரும்பு மாத்திரையால். பயந்து நிறுத்திவிட வேண்டாம். மலச்சிக்கல் தாங்கவில்லை என்றால் அதைச் சொல்லுங்கள், மாற்று மருந்து இருக்கிறது.

கேள்வி: ஓ.பி.யில், "கடைசியா எப்போ தலைக்குக் குளிச்சே?" என்று கேட்டார்கள். குளித்த தேதியைச் சொன்னேன். இப்போது ஸ்கேனில் தேதி வேறாக வருகிறது. பயமாக இருக்கிறது.
– வாசகி, வியாசர்பாடி

பதில்: பயப்பட ஒன்றுமில்லை. அவர்கள் கேட்டது உதிரம் பட்ட முதல் நாளை. நீங்கள் சொன்னது மூன்றாம் நாள் குளித்ததை. இரண்டு மூன்று நாள் தள்ளிப்போயிருக்கிறது, அவ்வளவுதான். முதல் நாளோடு ஒன்பது மாதமும் ஏழு நாளும் கூட்டினால் பிரசவத் தேதி: ஜூன் 10 என்றால் மார்ச் 17. சுழற்சி 28 நாளாக இல்லாமல் 35, 40 என்று இருந்தால் அதையும் கட்டாயம் சொல்லுங்கள், கணக்கு மாறும். முதல் மூன்று மாதத்தில் எடுத்த ஸ்கேன் இருந்தால் டாக்டர் அதை வைத்துத் தேதியைச் சரிசெய்வார். பிக்மி என்ற அரசின் கர்ப்பிணிகள் பதிவிலும் சரியான தேதி ஏறியிருக்கிறதா என்று நர்ஸிடம் ஒருமுறை கேட்டுக்கொள்ளுங்கள்.

கேள்வி: செக்கப்புக்கு மாமியாரும் கணவரும் கூடவே உள்ளே வருகிறார்கள். என்னைக் கேட்டால் அவர்கள் பதில் சொல்கிறார்கள். கல்யாணத்துக்கு முன் எனக்கு ஒரு கருக்கலைப்பு நடந்தது. அது அவர்களுக்குத் தெரியாது. டாக்டரிடம் சொல்லாமல் விட்டால் ஏதாவது ஆகுமா? இப்போது இரண்டாவது மாதம்.
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி, கொளத்தூர்

பதில்: சொல்லிவிடுங்கள். முக்கியமான காரணம் உங்கள் ரத்த வகை. அது நெகட்டிவ் என்றால், முந்தைய கர்ப்பத்திலேயே உங்கள் உடலில் பாசிட்டிவ் ரத்தத்துக்கு எதிரான எதிர்ப்புப் பொருள் உருவாகியிருக்க வாய்ப்பு உண்டு. அது இந்தக் குழந்தையின் ரத்த அணுக்களைச் சிதைக்கக்கூடும். 'முதல் கர்ப்பம்' என்று டாக்டர் நினைத்துக்கொண்டால் அந்தக் கோணத்தில் அவ்வளவு கவனம் வைக்கமாட்டார். உண்மை தெரிந்தால், ஐ.சி.டி. என்ற ரத்தப் பரிசோதனையைத் தொடக்கத்திலேயே எடுத்து, அந்த எதிர்ப்புப் பொருள் உருவாகாமல் தடுக்கும் ஆன்டி-டி ஊசியைப் பற்றி முடிவு செய்வார். கருப்பையைச் சுரண்டிச் சுத்தம் செய்திருந்தால் நஞ்சுக்கொடி ஒட்டும் இடத்தையும் கவனித்துப் பார்ப்பார்.

எப்படித் தனியாகப் பேசுவது என்பதுதான் உங்கள் சிக்கல். வழிகள் இருக்கின்றன. எடையும் பிரஷரும் பார்க்கும் நர்ஸிடம், "டாக்டர்கிட்ட தனியா ஒரு நிமிஷம் பேசணும் சிஸ்டர், நீங்களே கூப்பிடுங்க" என்று மெதுவாகச் சொல்லுங்கள். அவர்களுக்கு இது புதிதல்ல. "பரிசோதனை பண்ணணும், மத்தவங்க வெளிய இருங்க" என்று சொல்லிவிடுவார்கள். படுக்கையில், திரைக்குப் பின்னால் இருக்கும்போதுகூடச் சொல்லலாம், ஆனால் திரை துணிதான், குரல் கேட்கும். வாய் வரவில்லை என்றால் ஒரு சீட்டில் எழுதி ரிப்போர்ட்டின் மேல் வைத்து நீட்டுங்கள்.

சொன்ன கையோடு, "இது வீட்ல யாருக்கும் தெரியாது, நோட்டுல எழுத வேண்டாம்" என்பதையும் சொல்லுங்கள். கர்ப்பிணிகளின் சீட்டில் 'ஜி2 ஏ1' என்று எழுதுவது வழக்கம். இரண்டாவது கர்ப்பம், ஒன்று கலைந்தது என்று அர்த்தம். விவரம் தெரிந்த உறவினர் ஒருவர் பார்த்தால் போதும். வீட்டுக்குக் கொண்டுபோகும் சீட்டில் எதை எழுதுவது என்று டாக்டர் பார்த்துக்கொள்வார். நோயாளி சொன்னதைக் காப்பது அவர் தொழிலின் விதி. கருக்கலைப்பைப் பொறுத்தவரை சட்டமே அப்படித்தான் சொல்கிறது. 1971-ம் ஆண்டுச் சட்டத்தின்படி, அதைச் செய்துகொண்ட பெண்ணின் பெயரை, சட்டப்படி அதிகாரம் பெற்றவரைத் தவிர யாருக்கும் வெளியிடக்கூடாது. 2021 திருத்தத்துக்குப் பிறகு வெளியிட்டால் சிறைத் தண்டனையும் உண்டு. இன்னொன்று: 18 வயது நிறைந்த பெண்ணுக்குக் கருக்கலைப்பு செய்ய அவளுடைய சம்மதம் மட்டும் போதும். கணவர் கையெழுத்து கேட்பது பல இடங்களில் பழக்கமாக இருக்கிறது. சட்டம் அதைக் கேட்கவில்லை.

மாமியார் பதில் சொல்கிற விஷயம் வேறு. அதற்காகச் சண்டை வேண்டாம். அவர் முடித்ததும், "அத்தை சொன்னது சரி. அதோட எனக்கு இன்னொண்ணும் இருக்கு டாக்டர்" என்று தொடருங்கள்.

கேள்வி: கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கான பாப் ஸ்மியர் பரிசோதனை எடுக்கச் சொன்னார்கள். அங்கே ஆண் டாக்டர்தான். கூச்சத்தில் ஆறு மாதமாகத் தள்ளிப்போடுகிறேன்.
– வாசகி, திருவல்லிக்கேணி

பதில்: உங்கள் ஊரிலேயே இதற்குப் பதில் இருக்கிறது. ஆண் மருத்துவரிடம் போக மறுத்த கோஷா (பர்தா) பெண்களுக்காக 1885-ல் தொடங்கியதுதான் இன்றைய கஸ்தூரிபா காந்தி மருத்துவமனை. அக்கம்பக்கத்தார் இன்றும் அதை கோஷா ஆஸ்பத்திரி என்றுதான் சொல்கிறார்கள். பெண் டாக்டர் வேண்டும் என்று கேட்பது அன்றும் தப்பில்லை, இன்றும் தப்பில்லை. போனில் அப்பாயின்ட்மென்ட் வாங்கும்போதே கேளுங்கள். ஆண் டாக்டர்தான் என்றால், பரிசோதனையின்போது ஒரு பெண் உடனிருக்க வேண்டும் என்பது நோயாளிகளின் உரிமைப் பட்டியலில் இருப்பது. "சிஸ்டர் கூட இருக்கட்டும்" என்ற மூன்று சொல் போதும்.

பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் உறவு கூடாது, உள்ளே வைக்கும் கிரீம், மாத்திரை கூடாது, உள்ளே தண்ணீர் பீய்ச்சிக் கழுவுவதும் கூடாது. பீரியட்ஸ் இல்லாத நாளாகப் பாருங்கள். இவற்றைக் கவனிக்காமல் போனால் செல்கள் சரியாகக் கிடைக்காமல், மறுபடி வரச் சொல்வார்கள். புடவை அல்லது பாவாடை கட்டிப் போனால் முழுக்க அவிழ்க்க வேண்டியிருக்காது. கருவி உள்ளே போகும்போது வலித்தால், "நிறுத்துங்க" என்று சொல்லலாம். சின்ன அளவுக் கருவியும் உண்டு. எடுக்க ஆகும் நேரம் ஓரிரு நிமிடம்.

கேள்வி: 46 வயது. ஃபைப்ராய்ட் (கர்ப்பப்பைக் கட்டி) இருக்கிறது, கர்ப்பப்பையை எடுத்துவிடலாம் என்கிறார்கள். "பிள்ளை பெத்தாச்சு, இனி எதுக்கு?" என்று வீட்டிலும் சொல்கிறார்கள். நான் என்ன கேட்க வேண்டும்?
– வாசகி, மடிப்பாக்கம்

பதில்: 'இனி எதுக்கு' என்பது மருத்துவக் காரணம் அல்ல. முதலில் எந்தக் காரணத்துக்காக எடுக்கச் சொல்கிறார்கள் என்று கேட்டு, அந்த ஒரு வரியை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். கட்டி இருப்பது மட்டும் காரணமாகாது. எத்தனை சென்டிமீட்டர், எந்த இடத்தில் என்பதுதான் பேச்சு. உட்புறச் சுவரில் இருக்கும் சிறிய கட்டி அதிக ரத்தப்போக்கைத் தரும். வெளிப்புறத்தில் இருக்கும் பெரிய கட்டி சில நேரம் எதுவுமே செய்யாது. மாதவிடாய் நின்ற பிறகு ஃபைப்ராய்ட் பெரும்பாலும் சுருங்கும். 46 வயதில் அந்தக் காலம் தொலைவில் இல்லை. தொந்தரவு தாங்கக்கூடியதாக இருந்தால் காத்திருப்பதும் ஒரு சிகிச்சைதான்.

அடுத்து, கர்ப்பப்பையின் உள்படலத்தில் பயாப்ஸி எடுத்தார்களா என்று கேளுங்கள். 45-ஐத் தாண்டியவர்களுக்கு அதிக ரத்தப்போக்கு இருந்தால் ஆபரேஷனுக்கு முன் அதைப் பார்த்துவிடுவது நல்லது. புற்றுநோய் சந்தேகம் என்றால் ஆபரேஷனின் வகையே மாறும்.

பிறகு மாற்று வழிகள்: போக்கு உள்ள நாட்களில் மட்டும் போடும் டிரானெக்ஸாமிக் அமிலம், ஹார்மோன் மாத்திரை, கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனம், கட்டியை மட்டும் எடுப்பது. எல்லாம் எல்லாருக்கும் பொருந்தாது. ஆனால், "இதுல எது எனக்கு ஆகாது, ஏன்?" என்ற கேள்விக்குப் பதில் கிடைக்க வேண்டும். ஆபரேஷன்தான் என்று முடிவானால், சூலகங்களை வைப்பார்களா எடுப்பார்களா என்பதைக் கட்டாயம் கேளுங்கள். மாதவிடாய் நிற்பதற்கு முன் இரண்டையும் எடுத்தால் ஒரே நாளில் மெனோபாஸ் வந்துவிடும். எலும்புக்கும் இதயத்துக்கும் அதனால் கேடு உண்டு. "எப்படியும் வயித்தைத் திறக்கிறோம், அதையும் எடுத்துடலாம்" என்ற சமாதானத்தை அப்படியே ஏற்காதீர்கள்.

சம்மதப் படிவத்தை ஆபரேஷன் தியேட்டர் வாசலில் நீட்டினால் படிக்க முடியாது. முதல் நாளே கேளுங்கள். என்ன ஆபரேஷன், எந்த உறுப்பு என்ற இடம் காலியாக இருந்தால் கையெழுத்துப் போடாதீர்கள். சமீரா கோலி வழக்கில் 2008-ல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லியிருக்கிறது: லேப்ராஸ்கோபி பரிசோதனைக்குத் தந்த சம்மதம் கர்ப்பப்பையை எடுப்பதற்கான சம்மதம் ஆகாது. நோயாளி மயக்கத்தில் இருக்கும்போது வெளியே இருந்த தாயிடம் வாங்கிய சம்மதமும் செல்லாது. உயிருக்கு ஆபத்து என்ற அவசர நிலை மட்டும் விதிவிலக்கு.

இரண்டாவது கருத்து கேட்க டாக்டரிடம் மன்னிப்புக் கேட்கத் தேவையில்லை. "வீட்ல இன்னொருத்தர்கிட்டயும் காட்டச் சொல்றாங்க" என்றால் போதும். உங்கள் ரிப்போர்ட் நகல்களை எழுத்து மூலம் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தர வேண்டும் என்பது மருத்துவக் கவுன்சிலின் 2002 விதி. வயிற்றைத் திறந்து செய்யும் ஆபரேஷன் என்றால் ஆறு வாரம் கனம் தூக்கக்கூடாது. லாரித் தண்ணீர் பிடிக்கும் ஒரு பிளாஸ்டிக் குடம் நிறைந்தால் பதினைந்து கிலோவுக்குக் குறையாது. யார் தூக்குவார்கள் என்பதை வீட்டில் பேசி முடித்துவிட்டுத் தேதி குறியுங்கள்.

கேள்வி: அம்மாவுக்கு 61 வயது, சர்க்கரை உண்டு. நெஞ்சை அடைப்பது போல இருந்தால், "வாயு" என்று சோடா குடிக்கிறார். டாக்டரிடமும் அப்படியே சொல்கிறார்.
– வாசகி, தாம்பரம்

பதில்: மாரடைப்பு பெண்களுக்கு நெஞ்சு வலியோடு, அல்லது அது பெரிதாக இல்லாமலேயே, மூச்சுத் திணறல், குமட்டல், தாடை அல்லது முதுகு வலி, திடீர் வியர்வை, காரணமில்லாத களைப்பு என்று வரலாம். சர்க்கரை உள்ளவர்களுக்கு வலியே தெரியாமலும் போகும். அதனால் அம்மாவோடு நீங்களும் போங்கள். "வாயு" என்று அவர் தொடங்கும் முன், "மாடிப்படி ஏறினா நெஞ்சு அடைக்குது, உட்கார்ந்தா பத்து நிமிஷத்துல குறையுது, இடது தாடை இழுக்குது. இதயமா இருக்குமா, ஈ.சி.ஜி. எடுத்துடலாமா?" என்று நீங்கள் சொல்லுங்கள். அவருக்கு நிஜமாக என்ன நடக்கிறதோ அதை. முதல் ஈ.சி.ஜி. சரியாக இருந்தாலும் மாரடைப்பு இல்லை என்று ஆகிவிடாது. சந்தேகம் இருந்தால் மறுபடி எடுப்பார்கள், ட்ரோபோனின் ரத்தப் பரிசோதனையும் செய்வார்கள். உட்கார்ந்திருக்கும்போதே வந்து பத்து, பதினைந்து நிமிடத்தில் குறையவில்லை என்றால் கிளினிக் வேண்டாம், 108.

கேள்வி: டாக்டர் சொன்னது புரியவில்லை என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. தலையாட்டிவிட்டு வந்துவிடுகிறேன்.
– வாசகி, சைதாப்பேட்டை

பதில்: "புரியல" என்று சொல்ல வேண்டாம். புரிந்ததைத் திருப்பிச் சொல்லுங்கள். "அப்போ இந்த மாத்திரை காலைல, ராத்திரி சாப்பிட்டதுக்கு அப்புறம், அஞ்சு நாள். இது வலிச்சா மட்டும். சரியா டாக்டர்?" தப்பு இருந்தால் அவரே திருத்துவார். சீட்டில் 1-0-1 என்றால் காலை, இரவு. நடுவில் உள்ள சைபர் மதியம் வேண்டாம் என்பதற்கு. எஸ்.ஓ.எஸ். என்றிருந்தால் தேவைப்படும்போது மட்டும், ஆனால் ஒரு நாளைக்கு அதிகபட்சம் எத்தனை என்று கேட்டுக்கொள்ளுங்கள். எழுந்து வரும் முன் கேட்க வேண்டியவை இரண்டு: "எத்தனை நாள்ல குறையணும்?", "என்ன ஆனா உடனே வரணும்?" இவற்றுக்கான பதிலைச் சீட்டின் பின்பக்கம் அங்கேயே எழுதிக்கொள்ளுங்கள். கையெழுத்து புரியாவிட்டால் மருந்துக்கடையில் ஊகிக்க விடாதீர்கள். மருந்தின் வேதிப்பெயரைப் பெரிய எழுத்தில் எழுதித் தரும்படி அங்கேயே கேளுங்கள்.